பூவம்மாள் சொன்னது

பேர் உதயகுமார், வயது இருபத்துமூன்று, தற்சமயம் இருப்பது திருவல்லிக்கேணியில் நாலு பேர் படுக்கும் ஒரு மேன்ஷன் அறை. திருத்தணி மலைப்படியின் அடியில் செருப்பைக் கழற்றி விட்டபடி, உதயா இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒரு வருஷமாக அவன் காதில் ஓடிய கேசட்டுகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின: பேர், வயசு, இருக்கிற ஊர். அதைச் சொல்லிவிட்டால் மீதி தானாக வரும் என்பாள் பார்கவியக்கா. அவனுக்கு மீதி வரவில்லை. சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, புத்தகத்தில் போடலாமா என்று சம்மதம் வாங்க வேண்டும். அவன் வாயைத் திறந்த அந்த நொடியே, மகன் காதில் விழக்கூடாதது விழுந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

பார்கவி, மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் சுப்புரத்தினத்தின் மகள். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். திருவாலங்காட்டைச் சுற்றி நடவுக்குப் போகும் பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல, அதை அப்படியே புத்தகமாக்கி முதல் பிரதியை அவர்கள் கையிலேயே கொடுக்கவேண்டும் என்பது அவள் எண்ணம். பதிவு நடக்கும்போது ஆண்கள் யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. உதயாவைக்கூட வரப்புக்கு அந்தாண்டை அனுப்பிவிடுவாள். கேசட்டைக் கேட்டு எழுதுவது மட்டும் அவன் வேலை. மற்றப் பெண்கள் அதற்குச் சம்மதித்திருந்தார்கள். அவன் அம்மா கௌரியம்மாள் மட்டும், "எம் புள்ள இத கேக்கக் கூடாது" என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் பேசினாள். தானே எழுதலாம் என்று பார்கவி தனியாக எடுத்து வைத்திருந்த அந்தக் கேசட், போன மாசம் ஓர் அவசரத்தில் மற்றவற்றோடு கலந்து அவன் பைக்கு வந்துவிட்டது. அம்மாவின் பேரும் வயசும் காதில் விழுந்ததுமே அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கேட்டான். இரண்டாம் முறையும் கேட்டான். பிறகு, அது வேலைதானே என்று எழுதியும் முடித்தான்.

"தப்பு என்னுது" என்றாள் பார்கவி, விஷயம் தெரிந்தபோது. முகம் வெளுத்திருந்தது. "அவங்க என்னை நம்பிச் சொன்னாங்க. நானே போய்க் கேக்கறேன். ஆனா அந்தக் கேசட்ட நீங்க கேட்டுட்டீங்கங்கறதையும் சொல்லிடுவேன் உதயா. அத மறைச்சுட்டு சம்மதம் வாங்கினா அது சம்மதமே இல்ல. புத்தகத்துலயும் இந்தத் தப்ப எழுதிடறேன்."

"நீங்க எழுதினா உங்க தப்பு தீந்துடும்க்கா. அப்பவும் அதுக்குள்ள நிக்கறது எங்கம்மாதான்."

அப்படிச் சொன்னதற்கு அவனே பயந்துபோனான். நானே கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று ரயிலேறினான்.

கிருத்திகைக்கு மலைக்கு வா என்று அம்மாவை மட்டும்தான் கூப்பிட்டிருந்தான். பஸ்ஸிலிருந்து அப்பா துரைக்கண்ணுவும் இறங்கினார், வெளுத்த வேட்டியும் விபூதியுமாக. மூன்று பேரும் படியேறினார்கள். அப்பாவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். நூறு படி தாண்டுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டார், பக்கத்தில் இளைப்பாறும் ஆளிடம் பேச்சுக் கொடுப்பார். எந்தப் பேச்சு என்பதும் உதயாவுக்குத் தெரியும்.

"ஆறு வருசம் ஆவுது. சித்தூர் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தேன். கத்தி நழுவி எலும்பு வரைக்கும் பூந்துட்சி. ஆஸ்பத்திரில கெடக்கறேன், ஊருக்குச் சேதி சொல்ல நாதியில்ல. இவளுக்கு எப்டித்தான் தெரிஞ்சிச்சோ. சேதி வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே இதே மலைக்கு வந்து மொட்ட போட்டுகினா. முடியக் குடுத்து என் கால வாங்கிட்டா."

"புண்ணியவதிங்க" என்றார் பக்கத்துப் படியில் இளைப்பாறிய சோளிங்கர்காரர் ஒருவர்.

"ஆங். அதுக்கப்புறம் நான் குடிய தொடல. எனக்காவ முடி குடுத்தவ மேல கை ஓங்குவனா, சொல்லுங்க."

அதற்கு முன்னால் ஓங்கினதை அவர் சொல்வதில்லை. ஓங்கின நாட்களில் தங்கை அனுசுயாவோடு அடுப்பு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது உதயாவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறு வருஷமாக வீட்டில் ஒரு பாத்திரம்கூடப் பறக்கவில்லை. அந்த அமைதி முழுவதும் ஒரு மொட்டையின் மேல் நின்றுகொண்டிருந்தது. புத்தகத்துக்காக அம்மாவின் பேரை மாற்றிப் பூவம்மாள் என்று போட்டாயிற்று. ஆனால் அந்த வருஷம் ஊரில் மொட்டை போட்ட பெண் ஒருத்திதான். யாராவது ஒருவன் டீக்கடையில் உரக்கப் படித்தால் போதும்.

அப்பா பேச்சில் மும்முரமாக இருக்க, அம்மாவும் மகனும் இருபது படி முன்னால் போய்விட்டார்கள். ஒரு மரத்தடியில் அம்மா நின்றாள்.

"இன்னாடா, வந்ததுலேர்ந்து பையத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினே வர. லவ் லெட்டரா?"

"இல்லம்மா. அக்கா புத்தகத்துக்கு." தாளை வெளியே எடுத்தான். "பூவம்மாள்னு ஒருத்தங்க பேசினது. படிக்கட்டுமா?"

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, கீழே ஊர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"படி."

அவன் படித்தான். தன் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரல்போல் ஒலிப்பது அவனுக்கே கேட்டது. 'அந்தாளு கரும்பு வெட்டுக்குக் கெளம்பினப்ப சாமிகிட்ட வேண்டிகினேன். இவன் சீக்கிரம் திரும்பி வரக்கூடாது, முடியத் தர்றேன்னு. மூணு மாசம் சேதியே இல்ல. சரி, சாமி ஏத்துக்கிச்சுன்னு போய்க் குடுத்துட்டேன். பத்தாம் நாள் சேதி வருது, கால்ல வெட்டோட உசுரோட கீறான்னு. கால வெட்டணும்னு நான் கேக்கல.'

காவடி ஒன்று ஆடிக்கொண்டே அவர்களைக் கடந்து மேலே போனது.

"அவ அப்டியா சொன்னா?" என்றாள்.

"ஆங்."

"சீக்கிரம்னு அவ சொல்லல, உதயா."

அவனுக்குக் காது கொதித்தது. அந்த ஒரு சொல்லை அவன்தான் சேர்த்திருந்தான். கேசட்டில் 'திரும்பியே வரக்கூடாது' என்று இருந்தது. அதை அப்படியே எழுத அவனுக்குக் கை ஓடவில்லை.

"யாருக்காவ சேத்த? அவளுக்காவயா, அந்தாளுக்காவயா?"

உதயா பேனாவை எடுத்து, தொடைமேல் தாளை வைத்து, அந்தச் சொல்லை அடித்து, 'திரும்பியே' என்று மேலே எழுதினான். மை வியர்வையில் படர்ந்தது.

"அவங்க இத எனக்குன்னு சொல்லலன்னு தெரியும்" என்றான் தலை நிமிராமல். "கேட்டது தப்புதான். வேணாம்னு அவங்க ஒரு வார்த்த சொன்னா அக்கா இத எடுத்துடுவாங்க. மொட்டய மட்டும் வேற எதாவதா மாத்திப் போடவும் முடியும்."

"முடிய எடுத்துட்டா அவ குடுத்தது இன்னாவாம்?" அம்மாவின் குரலில் கோபமில்லை, யோசனைதான் இருந்தது. "ஆறு வருசமா அந்தாளு சொல்ற கதையில அவ நின்னுகினு கீறா. வாயத் தொறக்காம. பார்கவி கேட்டப்பதான் தொறந்தா. போடாதன்னு சொன்னா மறுபடியும் மூடிக்கணும். போடுன்னு சொன்னா..." அவள் பெருவிரல் படியின் கல்லை அழுத்திக்கொண்டிருந்ததை உதயா பார்த்தான். அம்மா பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதுவரை பயம் தன்னுடையது மட்டும் என்றே நினைத்திருந்தான்.

"இன்னா, அம்மாவும் புள்ளையும் படிப்பு நடத்துறீங்க?"

அப்பா மூச்சு வாங்க வந்து நின்றார். உதயா தாளை மடிக்கப் போனான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பூவம்மான்னு ஒருத்தி பேசினது. பார்கவி புத்தகத்துல வருதாம்."

"நம்ம ஊர்க்காரியா?"

"கேட்டுப் பாரு."

அப்பா இரண்டு படி கீழே, அவர்களுக்கு முதுகு காட்டி, காலை நீட்டி உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "படி, கேப்போம்" என்றார். உதயா அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள், நடவுக்கு இறங்குகிறவள் மாதிரி. தலையை ஒருமுறை அசைத்தாள்.

அவன் படித்தான். அடித்துத் திருத்திய இடத்தில் 'திரும்பியே' என்றே படித்தான். மூணு மாசம் சேதியே இல்ல என்ற வரியில், முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நிறுத்தலாமா என்று அம்மாவைப் பார்த்தான். அவள் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை படித்து முடித்தான்.

அரோகரா போட்டுக்கொண்டு ஒரு கும்பல் ஏறி வந்தது. படியில் நடுவாக உட்கார்ந்திருந்த அப்பாவைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். அவர் ஒதுங்கவில்லை, திரும்பவும் இல்லை. கழுத்தில் வியர்வையோடு கலந்த விபூதி முதுகில் மெல்ல வழிந்தது.

"மொதல்லேர்ந்து படி, உதயா" என்றார். "நிதானமா."