முப்பத்தொன்பது ஆறு

சப்ரி தெர்மாமீட்டரை யானையின் வாலுக்கடியிலிருந்து உருவிச் சட்டை நுனியில் துடைத்தான். முப்பத்தெட்டு ஒன்று.

"முப்பத்தேழு ஒண்ணு," என்றான்.

டாக்டர் வுலான் எழுதிக்கொண்டாள். மயக்க ஊசி பட்ட கொம்பன் பாக்குத் தோப்பில் ஒருக்களித்துக் கிடந்தது. அது போகும் வழியைக் காட்டும் பட்டையை அதன் கழுத்தில் காட்டிலாகா ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மயங்கிக் கிடக்கும்போது உடம்பு சூடேறினால் யானை அப்படியே செத்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றி, மயக்கத்தை முறிக்க வேண்டும். சூட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் சப்ரி.

விடியற்காலையில் சோளக்காட்டில் அவன் அண்ணன் முக்லிஸை மிதித்துக் கொன்றது இதே கொம்பன்தான்.

"நீ வீட்டுக்குப் போயிருக்கலாம்," என்றாள் டாக்டர், தலை நிமிராமல்.

"வேற ஆள் வர்றதுக்குள்ள வெயில் ஏறிடும் டாக்டர்."

அது மட்டும் பொய்யில்லை.

போன் அடித்தது. மதினி.

"குளிப்பாட்டியாச்சு சப்ரி. மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கிறாங்க."

"வந்துடறேன் மதினி."

"அது இன்னும் உயிரோட இருக்கா?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

அடுத்த அளவு முப்பத்தெட்டு ஒன்பது. முப்பத்தேழு மூன்று என்றான். நிழல் நகர்ந்து, கொம்பனின் வயிறு முழுக்க வெயிலில் கிடந்தது. மூச்சு சிறுத்து, அடிக்கடி வந்தது. தண்ணீர்க் குடங்கள் பத்தடி தள்ளி நிறைந்திருந்தன.

மூன்றாம் முறை பார்க்கையில் யானையின் தொடையில் கையை ஊன்றினான். சதை உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் முக்லிஸின் காலும் அவன் மடியில் இப்படித்தான் நடுங்கி, பிறகு நின்றது.

"எவ்வளவு சப்ரி?"

"முப்பத்தொன்பது ஆறு." எழுந்து குடங்கள் பக்கம் திரும்பினான். "தண்ணி ஊத்தணும் டாக்டர்."

அவள் ஓடிவந்து காது நரம்பில் மயக்கத்தை முறிக்கும் மருந்தை ஏற்றினாள். சப்ரி குடம் குடமாகக் காதிலும் வயிற்றிலும் ஊற்றினான். கொம்பன் எழுந்து, தள்ளாடி, ஆற்றுப் பக்கம் நடந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷத்துல ரெண்டு டிகிரி ஏறாது சப்ரி."

அவன் காலிக் குடத்தைக் கீழே வைத்தான். அவள் பேனாவை மூடினாள்.

"போ. நேரமாகுது."

பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அண்ணனைச் சுமந்த சந்தூக்கு தெருமுனைக்கு வந்திருந்தது. முன்பக்கம் ஒருவர் விலகி இடம்விட்டார். சப்ரி தோள் கொடுத்தான்.

"சட்டை ஏன்டா இப்படி நனைஞ்சிருக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ மெல்லக் கேட்டார்.

சப்ரி தோள் மாற்றிக்கொண்டான்.