ட்ரூயிட்டைப் புகழ்ந்த பத்து நிமிடம்

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஓட்டு ரகசியமில்லை. நீதிமன்ற வாசல் மேடையில் ஏறி, எழுத்தர் கேட்டதும் வேட்பாளர் பெயரை ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். அந்த வேட்பாளர் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து நன்றி சொல்ல வேண்டும். மேஜர் ஒபதையா டென்னிங் காலையிலிருந்து முந்நூற்றுப் பதினோரு முறை குனிந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் எதிர் வேட்பாளர் ஹோரஸ் ட்ரூயிட்டும் முந்நூற்றுப் பதினோரு முறை.

மணி ஏழு அடித்தால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஓட்டுப் போடாமல் மிச்சமிருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

டென்னிங் வக்கீல். உள்நாட்டுப் போரில் இடது கையின் இரண்டு விரலை விட்டுவிட்டு மேஜராகத் திரும்பியவர். போர் முடிந்த ஆறு வருடத்தில் சட்டசபைக்கு நின்று இரண்டு முறை தோற்றிருந்தார். இந்தத் தடவையும் தோற்றால் மிசூரியில் மச்சானின் மரக்கடைக்குப் போய்விடுவதாக மனைவி பெர்மீலியாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. மச்சான் இப்போதே கடிதத்தில் "கடைக்கு வரப்போகும் நம்ம புதுப் பையன்" என்று எழுத ஆரம்பித்திருந்தான்.

வேட்பாளர்கள் கடைசியில் ஓட்டுப் போடுவார்கள், ஒருவர் மற்றவருக்கு. அதுதான் மரியாதை. தனக்கே போட்டுக்கொண்டவனுக்கு அந்த ஊரில் அப்புறம் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். இருவரும் மரியாதை காட்டினால் மறுபடி சமம். சமமானால் ஷெரீஃப் தீர்ப்பார். ஷெரீஃப் ட்ரூயிட்டின் மருமகன்.

ட்ரூயிட் உற்சாகமாக எழுந்து மேடை நடுவே நின்று, ஒபதையா டென்னிங் என்று முழங்கினார். தொப்பிகள் பறந்தன. டென்னிங் குனிந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

அடுத்து அவர் முறை. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டார்.

வாயைத் திறக்கும்வரை டென்னிங் நேர்மையாகத்தான் இருந்தார். ஆனால் அது வக்கீல் வாய். பெயருக்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று அதற்குத் தோன்றிவிட்டது.

"நான் பேர் சொல்லப்போற மனுஷரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

நிறையத் தெரியும் என்று கூட்டம் கத்தியது. ஒன்றும் தெரியாது என்றார் டென்னிங். ட்ரூயிட்டின் தாத்தா வெட்டிய கிணற்றில் தொடங்கினார்.

கடிகாரம் அவர் தலைக்கு மேலே இருந்தது. அவரால் பார்க்க முடியாது. எதிரே குதிரை வண்டியில் உட்கார்ந்திருந்த பெர்மீலியாவால் முடியும். அவள் கையுறையைக் கழற்றி எட்டு விரலைக் காட்டினாள். ஏழுக்கு இன்னும் எட்டு நிமிடம். ஏன் காட்டுகிறாள் என்று புரிய அவருக்கு ஒரு நொடி ஆனது. அவளுக்கும் மிசூரி பிடிக்கவில்லை.

டென்னிங்குக்கு உடம்பெல்லாம் இறக்கை முளைத்தது. ட்ரூயிட்டின் பன்றித் தொடைக்கறியைப் புகழ்ந்தார். தேவாலயத்தில் அவர் பாடினால் வெளவால்களும் எழுந்து நிற்கும் என்றார். எதிர்ப்படையில் இருந்தாலும் பின்வாங்கும்போது தொப்பி நழுவாமல் ஓடிய ஒரே வீரர் அவர்தான் என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பெர்மீலியா நான்கு விரலுக்கு வந்திருந்தாள்.

ஷெரீஃபுக்கு வியர்த்தது. குனிந்து மாமனார் காதில், "மாமா, பேரைச் சொல்லச் சொல்லுங்க. மணி ஆகுது" என்றார்.

"சும்மா இருப்பா. இப்பதான் எங்க அம்மாகிட்ட வந்திருக்காரு."

அம்மாவுக்கு இரண்டு நிமிடம் ஆனது. எழுத்தரின் பேனாவில் மை காய்ந்தது, அவரே அழுதுகொண்டிருந்தார். ஒரு விரல். டென்னிங் ட்ரூயிட்டின் கோவேறு கழுதைக்கு வந்தார், அதன் பொறுமைக்கு, அந்தப் பொறுமையை அது யாரிடம் கற்றது என்பதற்கு.

"அப்பேர்ப்பட்டவர் பேரை இப்போ..."

தலைக்கு மேல் ஏழு அடித்தது. எழுத்தர் கண்ணைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பதினொன்று. சட்டம் அப்படி, அதைக் கூட்டத்துக்கு விளக்கவும் ஊரில் இருந்த வக்கீல் டென்னிங் ஒருவர்தான்.

ஷெரீஃப் மாமனாரிடம் தோல்வியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ட்ரூயிட் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, எழுந்து வந்து டென்னிங்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இதைக் காலையிலேயே பேசியிருக்கக் கூடாதா, மேஜர்? நானே எனக்குப் போட்டிருப்பேனே."