சூடாக இருந்த பானெட்

1

இந்தக் கதை விளம்பரமாகத்தான் பிறந்தது. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், தன் காரை விற்க நாலு வரி எழுதித் தரச் சொன்னார். ‘ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் கார். டர்போ, சைலன்சர் மாற்றியது. தரையோடு தாழ்த்தியது. கழற்றிய பாகங்கள் பெட்டியில் பத்திரம்.’ விற்கும் காரணத்தையும் எழுதினேன். அந்த வரியை மட்டும் அவர் அடித்துவிட்டார்.

(காரணம், அக்காவின் முதுகு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளால் அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார முடியாது. ஏழு மாதமாக அத்தான் தனியாகத்தான் ஓட்டுகிறார். இது விற்றால்தான் உயரமான கார்.)

2

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். முதல் வரைவில் அவரைச் சிடுமூஞ்சியாக்கியிருந்தேன். பாவம், தங்கமான மனிதர். பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

“சூடா இருக்கே. ஸ்டார்ட் பண்ணீங்களா?”

“இல்லையே. நீங்க சொன்ன மாதிரி நேத்துலேர்ந்து தொடவே இல்ல,” என்றார் அத்தான்.

பழைய எஞ்சினின் கோளாறு அது குளிர்ந்திருக்கும்போதுதான் வெளிப்படும். மறைக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். அத்தானும் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

“யோசிச்சுச் சொல்றேங்க,” என்று டாக்டர் கிளம்பிவிட்டார்.

வாசலில் நின்றிருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்: “விக்க மனசில்லன்னா சொல்லியிருக்கலாம். இப்படி வேண்டாங்க.”

“நானே ஸ்டார்ட் பண்ணிட்டு மறந்துட்டேனோ என்னவோ,” என்றார் அத்தான். காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த பாகப் பெட்டியைத் திரும்ப உள்ளே தூக்கிப்போனார்.

3

வெயிலில் சூடானது என்று ஒரு வரைவு எழுதினேன். கார் நின்றதோ கூரைக்கடியில். அப்புறம், அன்று காலை நான்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை பாதியில் விட்டேன்.)

சரி. அக்காவை அத்தான் வாடகைக் காரில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போன நேரம், சாவியை எடுத்தவன் நான். போகப்போகிற கார், கடைசியாக ஒரு சுற்று. அவ்வளவுதான் ஆசை. டாக்டர் கேட்டபோது பக்கத்திலேயே நின்றும் வாயைத் திறக்கவில்லை. அக்கா பேசியபோதும் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: டாக்டர் தானே திரும்பி வருகிறார். முடிவு இரண்டு: வேறொருவர் வாங்குகிறார். இரண்டிலும் நான் பேசாமலே தப்பித்துவிடுகிறேன். அடித்துவிட்டேன்.

என் கதைகளை அச்சுக்கு முன் படிப்பவள் அக்கா. நீங்கள் இரண்டாவது ஆள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். டாக்டரின் எண்ணை இந்தத் தாளின் பின்புறம் எழுதி, அவள் மேஜையில் வைத்துவிட்டேன். மிச்சத்தை அவள் முடிக்கட்டும்.

அக்கா, அத்தான் பொய் சொல்லல.