டோரீன் கைக்கு வந்த அட்டை

க்ளீவ்லண்ட் பக்கத்தில் ஒரு சர்ச் மண்டபத்தில் மாதாமாதம் பழைய பேஸ்பால் அட்டைகளின் சந்தை கூடும். அங்கே டோரீன் பாவ்லிக் உதட்டைப் பிதுக்கினால் போதும், அந்த அட்டையை அப்புறம் சீந்த ஆளிருக்காது. முப்பது வருடத்தில் ஒரு போலிகூடத் தன்னை ஏமாற்றியதில்லை என்று அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். அடக்கம் கிடக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

ஆனால் 1934இல் சூயிங்கம்மோடு கொடுத்த தொண்ணூற்றாறு அட்டைகளில் தொண்ணூற்றைந்துதான் அவளிடம் இருந்தன. பந்து வீச்சாளர் ஓலி ப்ராண்டின் அட்டை மட்டும் பதினேழு வருடமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அது இன்றைக்கு வியாபாரி வில்மரின் மேசைக்கு வந்திருந்தது. டோரீன் போய்ச் சேர்வதற்குள் லானி என்கிற பஸ் டிரைவர் அதைக் கையில் எடுத்துவிட்டான். அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த மண்டபத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் அட்டையைக் கீழே வைக்கும்வரை அடுத்தவர் விலை கேட்கக் கூடாது. டோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். லானியோ போன வருடம் ஒரு போலியை வாங்கிச் சூடுபட்டவன். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, அசல்தானா என்று பார்த்துச் சொல்லும்படி அட்டையை அவளிடமே நீட்டினான்.

வில்மர் அவள் காதருகே குனிந்தான். "கைக்கே வந்துருச்சு டோரீன். இனி உன் சாமர்த்தியம்."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். எழுத்தின் கறுப்பு கெட்டியாக இருந்தது. போலியென்றால் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். புறஊதா விளக்கை அடித்தாள். புதுத் தாளென்றால் பளீரென்று வெளுத்திருக்கும். இது மங்கலாகவே கிடந்தது. பிறகு பையிலிருந்து அதே வருடத்து மலிவு அட்டை ஒன்றை எடுத்து மேலே பொருத்தினாள். ப்ராண்டின் அட்டை இடது பக்கம் ஒரு நூலளவு குறைந்தது. முனை மழுங்கியதை மறைக்க யாராவது ஓரத்தை நறுக்கியிருந்தால் ஓரம் வழவழவென்று இருக்கும். இதில் பழைய பிசிறு அப்படியே இருந்தது. அந்தக் கம்பெனிக்காரன் வெட்டிய லட்சணமே அதுதான். அட்டை அசல், அவளுக்குத் துளிச் சந்தேகமில்லை.

"ஒரு பக்கம் குறைச்சலா இருக்கு," என்றாள்.

யாரோ ஓரத்தை நறுக்கிய அட்டை என்று நினைத்த லானியின் முகம் வாடிவிட்டது. பணக் கவரை ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அப்ப வேண்டாம் மேடம். நல்லவேளை, உங்ககிட்ட காட்டினேன். நீங்க நல்லா இருக்கணும்."

அவன் திரும்பி நடந்தான். ப்ராண்ட் அவள் கையில் இருந்தான். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அவன் வாழ்த்திவிட்டுப் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை, என்றாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நில்லுப்பா," என்று கூப்பிட்டாள். "நான் பாதிதான் சொன்னேன். கம்பெனியிலயே கோணலா வெட்டிட்டான். இது அசல். எங்கிட்ட இருக்கறதுல ஒண்ணுகூட இவ்வளவு சுத்தமா இல்ல."

வில்மர் தலையில் கை வைத்துக்கொண்டான். லானி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்களுக்கு இது வேணுமா மேடம்?"

"ரொம்ப வேணும். அதனாலதான் பாதியோட நிறுத்தினேன்."

அட்டையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை அவளே மடக்கினாள்.

"பணம் குடுக்கறவரைக்கும் கீழ வைக்காத. வச்சா நான் எடுத்துருவேன்."