ஏட்டி, நகத்த எடு

மூன்றாவது தோட்டா துப்பாக்கியின் மேகசினுக்குள் சாய்ந்து நின்றுகொண்டது. ரூபி அதை வெளியே தள்ளிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய சாரல் சுடுதளத்தின் தகரக் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தேர்வில் தேறினால் தென்காசியிலேயே வேலை, கிங்ஸ்லியோடு ஒரே வீடு. தவறினால் மறுபடியும் சென்னை, கல்யாணமாகியும் வீடியோ காலில்தான் குடித்தனம். குறியைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை, அது தப்பாது. நேரத்துக்குள் நிரப்பிவிட்டால் போதும்.

தோட்டா வழங்கும் மேசையில் அவள் கணவன் கிங்ஸ்லிதான் நின்றான். டூட்டியில் அவளையும் மற்ற கான்ஸ்டபிள்களைப் போல 'நீங்க' என்றுதான் அழைப்பான். நான்காவது தோட்டாவும் சாய்ந்தபோது அது மறந்துபோனது.

"ஏட்டி, நகத்த எடு. பீடியா மடக்குத?"

பக்கத்துத் தடத்தில் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்த சாஜிதா சிரித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் விஜயசங்கர் திரும்பினார்.

"யாருக்குவே ஏட்டி? தோட்டா குடுக்க வந்தீரா, குடும்பம் நடத்த வந்தீரா? இன்னொரு வார்த்த பேசினீருன்னா அந்தப் பிள்ளய வெளிய அனுப்பிருவேன்."

கிங்ஸ்லி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

ரூபி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நகம்தான் முன்னால் நின்றது. ஆலங்குளத்தில் கல்லூரி நாட்கள் முழுக்க அம்மாவோடு பீடி சுற்றிய கை; இலை நுனியை நகத்தால் குத்தி மடக்கியே பழகியது. இங்கேயும் கேட்காமலே அதையே செய்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. விரலைப் படுக்கவைத்தாள். உள்ளே இருக்கும் தோட்டாவைச் சதையால் அமுக்கி, கிடைத்த இடத்தில் அடுத்ததை முன்னாலிருந்து பின்னுக்குச் சறுக்கினாள். மெல்லிய சத்தத்தோடு உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஸ்பிரிங் இறுகி எதிர்த்தபோது இடது கட்டைவிரலையும் மேலே வைத்து அழுத்தினாள். கடைசியும் நுழைந்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாம் வரிசையில் நின்றன.

சாஜிதாவுக்கு முன்பே கையைத் தூக்கினாள்.

"ரெடி சார்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரூபி மேசைப் பக்கம் திரும்பினாள். கிங்ஸ்லி கண்களை இறுக மூடியிருந்தான். மேசை விளிம்பில் அவன் கட்டைவிரல் மட்டும், அவள் முடித்த பிறகும், இல்லாத தோட்டாக்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தது.