பேசக் கூடாத மாடி

பல்கலைக்கழகத்தில் கட்டியிருக்கும் புது நூலகத்தைப் பழைய மாணவர்கள் வந்து பார்க்கலாம் என்று அழைப்பு வந்திருந்தது. போகலாமா என்று மனைவி கேட்டதும் அவன் உடனே சரி என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இரண்டு வருடமாக எதற்குக் கூப்பிட்டாலும் "பாக்கலாம்" என்பதுதான் அவன் பதில்.

இருவரும் அங்கே படித்தவர்கள். அவன் இயந்திரப் பொறியியல், அவள் வேதியியல். பழைய நூலகத்தில்தான் பழக்கமானார்கள். அவன் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நாற்காலியை இழுத்தால்கூடச் சத்தம் வராது. அதனால் கூடப் படித்தவர்கள் அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்தார்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகியும் அவளுக்கு அவன் பூனைதான், வா போ தான். கோபம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும். "நீங்க" என்று ஆரம்பித்தாள் என்றால் வீட்டில் மழை வரப்போகிறது என்று அர்த்தம்.

பெரிய ஜெனரேட்டர்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் பூனை பொறியாளர். மருத்துவமனை, கடை வளாகம், குளிர்பதனக் கிடங்கு என்று எங்கெல்லாம் மின்சாரம் நிற்கக் கூடாதோ அங்கெல்லாம் அவன் போவான். ஜெனரேட்டர் அறைக்குள் நுழைந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் கத்துவது கேட்காது. காதுக்கு மாட்டும் கவசத்தை அவன் கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்பான். "இன்ஜின் என்ன சொல்லுதுன்னு கேக்க வேணாமா?" என்பான். கண்ணை மூடிக்கொண்டு, எந்த வால்வு தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவான்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்த மதியம் வீடு வெறிச்சென்று இருந்தது. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். அவள் அங்கே வேதியியல் ஆசிரியை. ஙீ என்று மெல்லிய சத்தம் ஒன்று வருவதை அவன் அப்போதுதான் கவனித்தான். ஃபிரிட்ஜ் என்று நினைத்து அதை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினான், மோட்டாரைப் போய்ப் பார்த்தான், கடைசியில் மெயின் ஸ்விட்சையே இறக்கினான். வீட்டில் ஓடுகிற பொருள் ஒன்றுகூட இல்லை. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காதைப் பொத்தினான். அது இன்னும் பக்கத்தில் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவன் காது கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வான்? மனைவியிடம் சொன்னால் மறுநாளே வேலையை விடு என்பாள். தானாகப் போய்விடும் என்று காத்திருந்தான். அது போகவில்லை. அவன்தான் வீட்டைவிட்டுப் போக ஆரம்பித்தான். சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். "எங்கே?" என்றால் "சும்மா." பேருந்து நிலையத்தில் போய் உட்காருவான். பேருந்துகள் உறுமும், ஆட்கள் கூவுவார்கள், அந்த இரைச்சலுக்குள் அவன் மண்டை கொஞ்சம் ஓயும். படுக்கையும் கூடத்துக்கு மாறியது, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். அதை அணைத்தால் விழித்துக்கொள்வான்.

மனைவி இதையெல்லாம் பார்த்தாள். பார்த்ததை எல்லாம் கூட்டிக் கழித்து அவளாகவே ஒரு விடைக்கு வந்திருந்தாள்.

புது நூலகம் கண்ணாடியும் வெளிர்நிற மரமுமாக ஆறு மாடிக்கு நின்றது. தரைத்தளத்தில் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு வயிறு வந்திருந்தது, மீதிப் பேருக்கு முடி போயிருந்தது. நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தவன் ரேடியோ. இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். கல்லூரியிலேயே அவனுக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. அவன் வருவது தெரிந்தால் பூனை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட காலம் உண்டு.

இன்றைக்குப் பூனை நேராக அவனிடம் போனான். ரேடியோ தன் மூட்டு வலியைப் பற்றிச் சொன்னான், மூத்த மருமகனைப் பற்றிச் சொன்னான், புது காரின் பிரேக்கைப் பற்றிச் சொன்னான். மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். பூனை மட்டும் நின்றான்.

"அப்புறம்?" என்றான்.

ரேடியோவே ஒரு விநாடி தடுமாறிப்போனான். அவன் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

மனைவி தூரத்தில் நின்று இதைப் பார்த்தாள். என்னோடு உட்கார்ந்து பேசப் பிடிக்கவில்லை, இவன் மருமகன் கதை பிடிக்கிறதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுற்றிக் காட்ட இளம் நூலகர் ஒருத்தி வந்தாள். சின்னக் குரல், பெரிய பெருமை. "தரைத்தளத்துல எவ்வளவு வேணாலும் பேசலாம். மேல போகப் போகச் சத்தம் குறையும். மூணாவது மாடியில மெதுவாத்தான் பேசணும். ஆறாவது பேசக் கூடாத மாடி. அங்க ரெட்டைக் கண்ணாடி, தரையில கம்பளம், கூரையில சத்தத்தை உறிஞ்சற பலகை. ஏசி ஓடறதுகூடக் கேக்காது. உங்க மூச்சு உங்களுக்கே கேக்கும், பாருங்க."

எல்லோரும் ஆஹா என்றார்கள். பூனை வாசல் பக்கம் பார்த்தான்.

லிஃப்டில் மனைவி அவன் காதோரம் சொன்னாள். "பழைய மாணவங்களுக்கு உறுப்பினர் அட்டை தர்றாங்க. ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்துட்டேன். இனிமே சாயங்காலம் இங்க வந்து உக்காரலாம். முன்னாடி மாதிரி."

அவள் முகத்தைப் பார்த்தால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினான்.

ஆறாவது மாடியின் கனத்த கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் உலகத்தை யாரோ துடைத்து எடுத்துவிட்டது போலிருந்தது. நீளமான மேசைகளில் மாணவர்கள் தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஜன்னலோரம் இரண்டு நாற்காலி பிடித்தாள். அவன் உட்கார்ந்தான். கைக்குக் கிடைத்த புத்தகத்தைத் திறந்தான்.

ஙீ.

இத்தனை நாளில் அது இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. முதல் வரியைப் படித்தான். மறுபடி முதல் வரியைப் படித்தான். கால் தானாக ஆட ஆரம்பித்தது. பேனாவின் முனையை அமுக்கி அமுக்கி எடுத்தான். அந்த டிக் டிக் கொஞ்சம் துணையாக இருந்தது. எதிரில் இருந்த பெண் நிமிர்ந்து முறைத்தாள். பேனாவை வைத்தான். கழிப்பறைக்குப் போய்க் குழாயடியில் கையை நீட்டி நின்றான். கையை எடுத்ததும் அது தானாக நின்றுகொள்கிற குழாய். கையை நீட்டி நீட்டி அதை ஓடவிட்டான். எவ்வளவு நேரம்தான் கை கழுவ முடியும்? திரும்பி வந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். அலமாரிகளுக்கு நடுவில் நடந்தான், கம்பளம் அவன் காலடியையும் விழுங்கிவிட்டது. மனைவி என்ன என்று புருவத்தால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையால் சொன்னான். அடுத்த நிமிஷம் கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான்.

ஐந்தாவது மாடியில் எட்டிப் பார்த்தான். அமைதி. நான்காவதிலும் அப்படித்தான். சத்தத்தைத் தேடி நூலகத்தில் அலைகிறவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்தபோது சிரிப்பும் வரவில்லை. தரைத்தளத்தில் திருப்பித் தரும் புத்தகங்களைப் போடுவதற்கு ஒரு இயந்திரம் இருந்தது. புத்தகத்தை வாயில் வைத்தால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் பட்டையில் ஊர்ந்து போய், அந்தந்தப் பெட்டியில் தொப் தொப் என்று விழும். பட்டையை ஓட்டுகிற மோட்டார் ஒரே சுருதியில் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு உருளையில் எண்ணெய் இல்லை, லேசாகக் கீச்சிட்டது. பூனை அதன் பக்கத்துச் சுவரில் சாய்ந்தான். தோள் இறங்கியது. ஆறாவது மாடியிலிருந்து தெரியாமல் கையோடு கொண்டுவந்துவிட்ட புத்தகத்தைப் பிரித்து, நின்றபடியே நான்கு பக்கம் படித்துவிட்டான்.

"இங்கதான் இருக்கீங்களா?"

நிமிர்ந்தான். மனைவி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கையில் அவன் போன்.

"இதை மேசையிலேயே வச்சிட்டு வந்துட்டீங்க. ஒவ்வொரு மாடியா தேடிட்டு வர்றேன். நான் இதைத் திறந்து பாக்கல. பாக்கணும்னு கை துறுதுறுன்னுச்சு. ஆனா பாக்கல."

"பாத்தா என்ன? அதுல என்ன இருக்கு?"

"அதைத்தான் கேக்கறேன். யார் அது?"

"எது யாரு?"

"தெனம் சாயங்காலம் செருப்பை மாட்டிட்டுப் போறீங்களே, யாரைப் பாக்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத நேரம். அவள் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் செத்தது.

"பஸ் ஸ்டாண்டுக்கு," என்றான்.

"பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்லாவாவது சொல்லுங்க."

"சத்தியமா. அங்க சத்தமா இருக்கும். அதுக்குத்தான்." அதற்கு மேல் மறைக்க அவனுக்குத் தெம்பில்லை. "எனக்குக் காதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. பாப்பா ஊருக்குப் போன அன்னையிலேருந்து. நிக்கவே மாட்டேங்குது. அமைதியா இருந்தா அதிகமாகுது. வீட்ல இருக்க முடியல. மேல உக்கார முடியல. இந்த மெஷின்கிட்ட நின்னாப் பரவாயில்ல."

அவள் இயந்திரத்தைப் பார்த்தாள். ஒரு தடித்த புத்தகம் பெட்டியில் தொப்பென்று விழுந்தது.

"கூடத்துல டிவி போட்டுட்டுப் படுக்கறது?"

"அதுக்குத்தான்."

"ரேடியோகிட்ட போய் நின்னது?"

"அவன் பேச்சுல அது அமுங்கிடுது. இங்க கூட்டமா இருக்கும்னுதான் வர்றேன்னே சொன்னேன்."

"அடப்பாவி!" அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இதைச் சொல்ல வாய் வலிச்சுதா உனக்கு? நான் என்னென்ன நினைச்சேன் தெரியுமா? உன் சட்டையை எல்லாம் மோந்து பாத்திருக்கேன் பூனை. டீசல் நாத்தம்தான் வந்துச்சு. டீசல் போட்டுக்கற பொம்பளை யாருன்னு யோசிச்சிருக்கேன்!"

"வேலையை விடச் சொல்லுவியோன்னு..."

"சொல்லியிருப்பேன். நீ விட்டிருக்க மாட்டே. ரெண்டு நாள் சண்டை போட்டிருப்போம். அதுக்குப் பயந்துட்டு ரெண்டு வருஷம் என்னைத் தனியா அந்த ரூம்ல படுக்க விட்டியே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எப்படி இருக்கும் அது?"

"என்னன்னு சொல்றது? ஙீன்னு இருக்கும்."

"வா, மேல போலாம்."

"ஐயோ, வேணாம்."

"எனக்குக் கேக்கணும். இங்க இந்தச் சத்தத்துல எப்படித் தெரியும்?"

அவனை இழுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்கு ஏறினாள். உள்ளே போகவில்லை, கனத்த கதவுக்கு வெளியே, படிக்கட்டின் திருப்பத்தில் நின்றார்கள். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. அவன் முகம் சுளிப்பதைப் பார்த்தாள்.

"இப்ப கேக்குதா?"

"ம்."

அவளுக்குப் பாட்டு வராது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு வாயை மட்டும் அசைக்கிறவள். அவள் உதட்டை மூடி ம்ம்ம் என்றாள்.

"இல்ல. இன்னும் மெல்லிசு."

"ஈஈஈ."

"இன்னும் மேல."

எக்கி எக்கிப் பார்த்தாள். குரல் உடைந்தது, இருமினாள், மறுபடி ஆரம்பித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கும் தொண்டையும் சேருகிற இடத்திலிருந்து, கொசுவுக்கும் விசிலுக்கும் நடுவில் ஒரு குரலை இழுத்தாள். பூனை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அதான். அதேதான்."

அவள் நிறுத்தவில்லை. மூச்சு இருக்கும்வரை இழுத்தாள். அவனுக்கு உள்ளே கேட்டதும் வெளியே கேட்டதும் ஒன்றோடொன்று கலந்து எது எது என்று தெரியாமல் போயிற்று. இரண்டு வருடமாக அவனுக்கு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது இப்போது படிக்கட்டில் இருவருக்கும் பொதுவாகக் கேட்டது. அவன் அழுதுவிட்டான்.

மூச்சு தீர்ந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இதை வச்சுக்கிட்டா வேலைக்குப் போயிட்டு வந்தே?"

கதவு திறந்தது. இளம் நூலகர் பதற்றத்தோடு எட்டிப் பார்த்தாள். "மேடம், இங்க ஏதாவது அலாரம் அடிக்குதா? உள்ள வரைக்கும் கேக்குது."

"ஆமாம்மா, அடிக்குது," என்றாள் மனைவி. "ரெண்டு வருஷமா அடிக்குது. நாங்க பாத்துக்கறோம்."

மறுநாளே காது மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். உள்காதில் கெட்டுப்போனது திரும்பி வராது என்றார் மருத்துவர். ஆனால் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க மூளையைப் பழக்கலாம், மாதக்கணக்கில் ஆகும், சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் இருக்காது என்றார். இனி கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டால் இருக்கிற காதும் போய்விடும் என்றார். "எத்தனை நாளா இருக்கு?" என்று அவர் கேட்டபோது, அவன் வாயைத் திறக்குமுன் அவள் பதில் சொன்னாள். சொன்ன விதத்தில் மருத்துவர் அதற்கப்புறம் அவளைப் பார்த்தே பேசினார்.

அவள் கோபம் ஒரு மாதம் போகவில்லை. நினைத்து நினைத்துச் சண்டை போட்டாள். வேறொரு பெண் இருந்திருந்தால்கூட ஒரே தடவை கத்தி முடித்திருப்பேன் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான்.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்னக் கருவி வந்த அன்று இருவரும் மறுபடி மருத்துவமனைக்குப் போனார்கள். கருவியைப் பொருத்தி, மழை தூரத்தில் பெய்வது போன்ற ஒரு சத்தத்தை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்து பழகிப் பாருங்கள் என்று செவிலி சொன்னாள். கூடம் நிறைய ஆட்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை காலை ஆட்டினான், கையைக் கட்டினான், அவிழ்த்தான். பிறகு தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் விழுந்தது. நன்றாகத் தூங்கிவிட்டான். வாய்கூடத் திறந்திருந்தது.

அவன் முறை வந்ததும் செவிலி வந்து பார்த்தாள். "எழுப்பட்டுமா?"

"வேற யாரையாவது கூப்பிடும்மா," என்றாள் அவள். "நாங்க கடைசியா வர்றோம்."