கட்சி தாவிய தவளை

கரிம்பாறைக் குன்றில் ஒரு சுவர் எழும்பினால், சிமெண்டு காய்வதற்குள் அதில் ‘புக்டு’ என்று சுண்ணாம்பில் எழுதிவிடுவார்கள். கீழே கட்சியின் பெயர் இருக்கும். தேர்தல் எப்போது வந்தாலும் அந்தச் சுவர் முந்தி எழுதியவனுக்குத்தான். மதகு, மின்கம்பம், தென்னை எதுவும் தப்பியதில்லை. சிவப்புப் பூசாத இடத்தில் பச்சை இருக்கும், பச்சை பூசாத இடத்தில் சிவப்பு இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு சிற்பம் செய்ய ஒப்புக்கொண்டாளே பிரசீதா, அவள் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அதுவரை அவள் செய்ததெல்லாம் நகைக்கடைத் திறப்புவிழா யானைகளும் தெர்மாகோல் மயில்களும்தான். விழா முடிந்த மறுநாள் குப்பையில் கிடக்கும். மழையிலும் வெயிலிலும் அசையாமல் நிற்கிற ஒன்றைத் தன் கையால் செய்துவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். இரும்பைக் கடற்காற்று தின்றுவிடும், ஃபைபர் வெயிலில் வெடித்துவிடும் என்று இரண்டையும் தள்ளிவிட்டு, அந்தக் குன்றிலேயே வெட்டிய செம்புரைக்கல்லை எடுத்தாள். வெட்டும்போது மரவள்ளிக்கிழங்கு மாதிரி உளிக்கு இடம் கொடுக்கும், காற்றுப் படப்பட இறுகிவிடும். கோடை விடுமுறை முழுவதும் செதுக்கி, ஆள் உயரத்துக்கு ஒரு தவளையை வாசலில் உட்கார வைத்தாள். பிள்ளைகள் ஏறாமல் விடமாட்டார்கள் என்று எங்கும் கூர்முனை வைக்கவில்லை. முதுகில் தண்ணீர் தேங்காமல் வழிந்தோட வாட்டமும் கொடுத்தாள்.

மே மாதக் கடைசியில் பெற்றோர் சங்கக் கூட்டம் அந்தத் தவளையைச் சுற்றியே நடந்தது.

“பள்ளிக்கூட வாசல்ல தவளையா மோளே? கிணத்துத் தவளைன்னு ஊரே சிரிக்குமே” என்றார் சங்கத் தலைவர் குஞ்ஞிராமன். சிவப்புக் கட்சிக்காரர்.

“கிணறு எங்க இருக்கு குஞ்ஞிராமேட்டா? இது வெளிய வந்துட்ட தவளை.”

அவர் சிரித்துவிட்டார். துணைத் தலைவர் அசைனார் சிரிக்கவில்லை. அவர் பச்சைக் கட்சி. குடைக் காம்பால் தவளையைத் தட்டினார்.

“அது கிடக்கட்டும். இது என்ன நிறம்? செக்கச்செவேல்னு! கொடி ஒண்ணுதான் குறைச்சல்.”

“கல்லோட நிறம் அசைனாரே. கல்லுக்குக்கூட விவரம் இருக்கு பாரும்” என்று மீசையைத் தடவினார் குஞ்ஞிராமன்.

“தவளைன்னா பச்சைதானே? பச்சை பெயிண்ட் அடிங்க.”

“அடிச்சுப் பாரும். அடிச்ச கை மிஞ்சுதான்னு பார்ப்போம்.”

தலைமையாசிரியை லளிதாம்பிகா நாற்காலியைத் தட்டினார். “போதும்! வெள்ளை எனாமல் அடிச்சிடலாம். யாருக்கும் வேண்டாம்.”

இருவரும் உடனே தலையாட்டினார்கள். ஜென்மத்தில் ஒத்துப்போகாத இருவர் ஒருமுறை ஒத்துப்போனார்கள், அதுவும் பிரசீதாவின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளத்தான்.

“டீச்சரே, இந்தக் கல்லு மூச்சு விடணும். எனாமல் அடிச்சா உள்ள போன தண்ணி வெளிய வராது. ரெண்டு மழைக்காலத்துல பொரிஞ்சு உதிர்ந்துடும்!”

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயிண்ட் டப்பாகூட வந்து இறங்கிவிட்டது. இதுவும் குப்பைக்குத்தானா என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது. கோபத்தில்தான் அவளுக்கு மூளை வேலை செய்யும்.

“மழை கொட்டுற கர்க்கடக மாசம் பிறக்கிற வரைக்கும் விடுங்க. அப்பவும் இது செவப்பாவே இருந்தா, நானே என் கையால வெள்ளை அடிக்கிறேன்.”

அன்று சாயங்காலமே பள்ளி மதிலில் காய்ந்து கிடந்த பாசியைச் சுரண்டினாள். பள்ளி திறப்புக்காகப் பாத்திரம் கழுவ வந்திருந்த மதிய உணவுச் சமையல்காரிகளிடம் கஞ்சித் தண்ணீர் கேட்டு வாங்கி, அதில் பாசியைக் கரைத்துத் தவளைக்குத் தடவினாள். மழை வரும்வரை தவளைக்குத் தினமும் கஞ்சிக் குளியல். “பிரசவம் ஆன தவளையா?” என்று சமையல்காரிகள் கேலி செய்தார்கள்.

பிறகு மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கர்க்கடகத்தில் கூட்டத்துக்கு வந்தவர்கள் குடையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தவளை வாழைக்குருத்துப் பச்சையில் உட்கார்ந்திருந்தது.

“மாஷா அல்லாஹ்!” என்றார் அசைனார்.

“எவன்டா பெயிண்ட் அடிச்சது?” என்று குஞ்ஞிராமன் பாய்ந்துபோய் நகத்தால் சுரண்டினார். பாசி உரிந்தது. அடியில் சிவப்புத் தெரிந்தது.

“பாசி, ஏட்டா. மழை விட்டா காஞ்சு உதிர்ந்துடும். மார்ச்ல வந்து பாருங்க, திரும்ப உங்க ஆளு. ஜூன்ல அசைனார் இக்காவோட ஆளு.”

“வருசா வருசம் கட்சி தாவுமா?”

“தவளையாச்சே! தாவாம வேற என்ன செய்யும்?” என்றார் லளிதாம்பிகா டீச்சர்.

குஞ்ஞிராமனுக்கே சிரிப்பு அடங்கவில்லை. அசைனார்தான் கவலைப்பட்டார். “பிள்ளைங்க ஏறினா வழுக்காதா?”

“முதுகைப் பாருங்க இக்கா.” பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து தேய்த்த இடத்தில் மட்டும் பாசி பிடிக்கவே இல்லை. வெள்ளை எனாமல் கழிப்பறைக் கதவுகளுக்குப் போயிற்று.

அடுத்த கோடையில் தேர்தல் வந்தது. பிரசீதா தவளையைப் பார்க்க வந்தாள். குன்று முழுவதும் சுவர் தவறாமல் ‘புக்டு’. வாசலில் குஞ்ஞிராமன், தூரிகையோடு வந்த தன் கட்சிப் பையன்களையே விரட்டிக்கொண்டிருந்தார்.

“அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்! ஏற்கெனவே நம்ம ஆளுதான்டா அது!”

தவளை செக்கச்செவேலென்று இருந்தது. அவள் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு பொருக்கு உதிரவில்லை. முதுகில் மட்டும் சாக்பீஸால் கோணல்மாணலாக ஏதோ எழுதியிருந்தது. எட்டிப் படித்தாள்.

‘புக்டு. ஒண்ணாம் கிளாஸ்.’

பிரசீதா வாய்விட்டுச் சிரித்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவள் செய்ததில் முதன்முதலாக ஒன்று நின்றுவிட்டது!

“சேச்சி, இறங்குங்க” என்று கீழேயிருந்து ஒரு வாண்டு அதட்டியது. “படிக்கத் தெரியாதா? அது எங்களுது.”

மறுபேச்சில்லாமல் இறங்கினாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் விட்டுக்கொடுத்ததே இல்லை.